பிளம் இல்லாத பிளம் புட்டிங்... இங்கிலாந்தில் விளையாத இங்கிலாந்துப் பலகாரம்!

கொல்லிமலைக்குச் சுற்றுலா போனவர்கள் முடவாட்டுக்கால் சூப் குடிக்காமல் இறங்கியிருக்க மாட்டார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, தலையும் வயிறும் ஒரு சுற்று சுற்றி, செம்மேட்டில் வண்டியை நிறுத்தினால் கண்ணில் படுவது அந்த சூப் கடைதான். பெயரில் ஆடு இருக்கிறது. சூப்பில் ஆடு கிடையாது. பாறைகளிலும் மரங்களிலும் ஒட்டி வளரும் ஒரு வகைப் பெரணிச் செடியின் கிழங்கு அது. மேலே ரோமம் மூடியதுபோல் இருப்பதால் ஆட்டுக்கால் என்று பெயர் வந்துவிட்டது. சைவக்காரர்களும் தயங்காமல் ஒரு டம்ளர் வாங்கிக் குடிக்கலாம்.

இதற்கு நேர்மாறான பலகாரம் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. பெயர், பிளம் புட்டிங். பெயரில் பழம் இருக்கிறது, ஆனால் உள்ளே பிளம் பழம் ஒன்றுகூட இல்லை. அதைவிடப் பெரிய ஆச்சர்யம், பழப் பலகாரம் என்று நம்பிச் சாப்பிடும் அதற்குள் மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு இருக்கும். கிறிஸ்துமஸ் விருந்தின் கடைசியில் விளக்கை அணைத்துவிட்டு, மேலே பிராந்தி ஊற்றிப் பற்றவைத்து, நீலச் சுடர் எரிய எரிய மேஜைக்குக் கொண்டுவருவார்களே, அந்தக் கறுப்பு உருண்டைதான். கிறிஸ்துமஸ் புட்டிங் என்றும் சொல்வார்கள். ஆங்கிலப் படங்களிலும் கதைகளிலும் பார்த்துவிட்டு, 'நம் பிளம் கேக்கைத்தான் இப்படிச் சொல்கிறார்கள்போல' என்று பலரும் நினைத்திருப்போம். கேக் அடுப்பில் சுடுவது. புட்டிங் நம் இட்லிபோல ஆவியில் வேகுவது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், அவ்வளவுதான்.

மலையில் ஓர் ஆங்கிலேயக் குடும்பம்

கொல்லிமலைக்கும் இந்தப் பலகாரத்துக்கும் என்ன சம்பந்தம்? 1913-ல் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற இளம் ஆங்கிலேயத் தம்பதி இந்த மலையில் குடியேறினார்கள். மலேரியாவுக்குப் பயந்து சமவெளி ஆட்களே மேலே ஏறத் தயங்கிய காலம் அது. வண்டிப் பாதை கிடையாது. ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர், கொஞ்சம் மருத்துவமும் கற்றவர். எவலின் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்து ஓவியம் படித்த பெண். மலைவாழ் மக்களுக்கு மருந்து, பள்ளிக்கூடம், தச்சு வேலை, விவசாயம் என்று இருவரும் கைவைக்காத வேலை இல்லை. கூடவே மதப் பணியும் செய்தார்கள். அவர்களுடைய மகன்தான், பிற்காலத்தில் வேலூர் சி.எம்.சி மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டிய டாக்டர் பால் பிராண்ட்.

அந்தக் காலத்தில் இந்தியாவில் எந்த மூலையில் இருந்த ஆங்கிலேயக் குடும்பத்துக்கும் டிசம்பர் என்றால் ஊர் ஞாபகம் வரும். ஊர் ஞாபகம் என்றால் அதில் புட்டிங்கும் வரும். கொல்லிமலையில் நின்றுகொண்டு அந்தப் புட்டிங்குக்குச் சாமான் பட்டியல் போட்டால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

பழத்துக்குப் பஞ்சமில்லாத மலை இது. வல்வில் ஓரியின் கொல்லியைப் பாடிய சங்கப் புலவர்கள் இங்குள்ள பலாவைச் சொல்லாமல் விடவில்லை. இன்றைக்குச் சோளக்காடு சந்தையில் பலா, அன்னாசி, மலைவாழை, தேன், மிளகு, காபிக்கொட்டை எல்லாம் வரிசைகட்டி இருக்கும். ஆனால் புட்டிங்குக்கு வேண்டியது உலர் திராட்சை, கோதுமை ரொட்டித் தூள், கரும்புச் சர்க்கரை, கிராம்பு, பட்டை, சாதிக்காய், சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல், மாட்டுக் கொழுப்பு, முட்டை, பீர், ரம், பிராந்தி. 'கொல்லிமலையில் பாதிகூடக் கிடைக்காதே' என்று தோன்றும்.

இதே பட்டியலோடு லண்டனுக்குப் போனால்? அங்கேயும் கிடைக்காது என்பதுதான் விஷயம். கடையில் கிடைக்கும், தோட்டத்தில் கிடைக்காது. திராட்சையைக் காயவைக்கும் வெயில் அங்கே இல்லை. கரும்பு விளையாது. கிராம்பு, பட்டை, சாதிக்காய், ரம் எல்லாமே கப்பலில் வந்தவை. இங்கிலாந்து மண்ணின் பங்கு என்று பார்த்தால் மாவு, முட்டை, கொழுப்பு, பீர், போனால் போகிறதென்று ஓர் ஆப்பிள். இனிப்பாகவும் வாசனையாகவும் இருக்கிற எதுவும் அந்த ஊருடையது அல்ல. உலகத்திலேயே மிகவும் 'இங்கிலீஷ்' ஆன பலகாரம் என்று பெயர் வாங்கியது மட்டும் இதுதான்.

கஞ்சியில் தொடங்கிய கதை

ஆரம்பத்தில் இது இனிப்பே இல்லை. உருண்டையும் இல்லை. இடைக்கால இங்கிலாந்தில் மாட்டு இறைச்சியோ ஆட்டு இறைச்சியோ போட்டுக் கொதிக்கவைத்த சாற்றில் ரொட்டித் தூளைக் கலந்து கெட்டியாக்கி, உலர் பழங்கள், ஒயின், மசாலா சேர்த்து ஒரு கஞ்சி காய்ச்சினார்கள். நம்மூர் நோன்புக் கஞ்சியில் கறிக்கஞ்சியை நினைத்துக்கொண்டு, அதில் கைநிறைய கிஸ்மிஸ் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. விருந்தின் முடிவில் அல்ல, தொடக்கத்தில் அதைப் பரிமாறினார்கள்.

அந்தக் கஞ்சியில் முதலில் உலர்ந்த பிளம் பழங்களும் இருந்தன. பிறகு கிரேக்கத்திலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் உலர் திராட்சை வரத் தொடங்கியதும் பிளம் மெள்ள வெளியேறியது. பெயர் மட்டும் வெளியேறவில்லை. உலர்ந்த பழம் எதுவானாலும் 'பிளம்' என்றே சொன்னார்கள். இதைக் கேட்டு நாம் சிரிக்க முடியாது. எள்ளிலிருந்து எடுத்த நெய் என்பதால்தானே எண்ணெய் என்று பெயர் வைத்தோம்? பிறகு தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், கடைசியில் மண்ணெண்ணெய் வரைக்கும் வந்துவிட்டோம். எள் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. புட்டிங்கில் போடும் சின்னக் கறுப்புத் திராட்சையை ஆங்கிலத்தில் 'கரன்ட்' என்பார்கள். கிரேக்கத்தின் கொரிந்து நகரத்தின் பெயர் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆனது.

'புட்டிங்' என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. ஆட்டுக் குடலையோ பன்றிக் குடலையோ கழுவி, உள்ளே மாவு, கொழுப்பு, ரத்தம் எல்லாம் அடைத்து வேகவைப்பதுதான் பழைய புட்டிங். இன்றும் இங்கிலாந்தில் 'பிளாக் புட்டிங்' என்று கேட்டால் ரத்தம் கலந்த குடல் உருண்டைதான் தட்டில் வரும். இனிப்பு என்று நினைத்து ஆர்டர் செய்து முழித்த நம்மவர்கள் நிறைய.

திருப்பம் வந்தது 17-ம் நூற்றாண்டில். குடலுக்குப் பதிலாகத் துணியைப் பயன்படுத்தலாம் என்று கண்டுகொண்டார்கள். துணியை வெந்நீரில் நனைத்து, மாவு தூவி, நடுவில் கலவையை வைத்து, மூட்டையாகக் கட்டி, கொதிக்கும் நீரில் மணிக்கணக்காகத் தொங்கவிட்டார்கள். இட்லிக்குத் துணி விரிக்கும் வீட்டில் பிறந்த நமக்கு இது பெரிய அதிசயமாகத் தெரியாது. ஆனால் இங்கிலாந்துச் சமையலில் இது பெரிய மாற்றம். ஆடு மாடு அறுக்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். குடல் இல்லாமலே, தனி அடுப்பு இல்லாத ஏழை வீட்டிலும், ஒரு பானையும் ஒரு துணியும் இருந்தால் போதும். கஞ்சி கெட்டியாகி உருண்டையானது அப்படித்தான். இறைச்சியும் மெள்ள மெள்ள விலகிக்கொண்டது. கொழுப்பு மட்டும் தங்கிவிட்டது.

புட்டிங்குக்காக ஒரு கலவரம்

இதே 17-ம் நூற்றாண்டில்தான் கிறிஸ்துமஸுக்கே ஆபத்து வந்தது. உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்து நின்ற தூய்மைவாதக் கிறிஸ்தவர்கள், 'டிசம்பர் 25 என்று பைபிளில் எங்கே இருக்கிறது? குடித்துக் கூத்தடிக்க இது ஒரு சாக்கு' என்றார்கள். 1647-ல் நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் பண்டிகையையே ரத்து செய்தது. அந்த நாளில் கடைகள் திறந்திருக்க வேண்டும், வேலை நடக்க வேண்டும்.

அந்த ஆண்டு டிசம்பர் 25 அன்று கேன்டர்பரி நகரத்தில் மேயர் கடைகளைத் திறக்கச் சொன்னார். சில வியாபாரிகள் திறந்தார்கள். பொறுக்குமா மக்களுக்கு? கூட்டம் திரண்டு கடைச் சாமான்களைத் தெருவில் வீசியது. மேயர் தடுக்கப்போய் அடிவாங்கினார். பண்டிகை உண்டு என்பதற்கு அடையாளமாக வீட்டு வாசல்களில் ஹாலி என்ற பச்சைச் செடியைக் கட்டிவைத்தார்கள். வரலாற்றில் இதற்கு 'பிளம் புட்டிங் கலவரம்' என்றே பெயர். அடுத்த ஆண்டு கென்ட் வட்டாரத்தில் மூண்ட பெரிய கிளர்ச்சிக்கு இது ஒரு பொறி. புட்டிங்கைத் தின்னக்கூடாது என்று தனியாகச் சட்டம் போட்டதாகப் பல இடங்களில் எழுதுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. தடை பண்டிகைக்கு. ஆனால், பண்டிகை போனால் பலகாரமும் போகும் என்று ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. தீபாவளி கூடாது, அதிரசம் சுட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

1660-ல் மன்னராட்சி திரும்பியதும் பண்டிகையும் திரும்பியது. 1714-ல் முதலாம் ஜார்ஜ் மன்னர் தன் முதல் கிறிஸ்துமஸுக்குப் புட்டிங் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், அதனால் அவருக்குப் 'புட்டிங் ராஜா' என்றே பெயர் என்ற கதையும் வாட்ஸ்அப் வரை சுற்றுகிறது. அந்தக் காலத்து எழுத்து எதிலும் அதற்கு ஆதாரம் இல்லை. 200 ஆண்டுகளுக்குப் பிறகு யாரோ கட்டிவிட்ட கதை.

அது வரைக்கும் பிளம் புட்டிங் என்பது எந்த விசேஷத்துக்கும் செய்கிற பலகாரம்தான். கிறிஸ்துமஸோடு அதை இறுகக் கட்டியவர்கள் 19-ம் நூற்றாண்டின் எழுத்தாளர்கள். 1843-ல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையில் கிராட்சிட் என்ற ஏழைக் குமாஸ்தாவின் வீட்டில் துணி வெளுக்கும் கொப்பரையில் புட்டிங் வேகிறது. வெந்ததா, உடையுமா, யாராவது திருடிக்கொண்டு போயிருப்பார்களா என்று அந்த வீட்டம்மாள் படும் பாடு இருக்கிறதே, முதல் தடவை மைசூர்பாகு கிண்டியவர்களுக்குப் புரியும். அத்தனை பேருக்கு அது போதாது. ஆனால் 'சின்னதாக இருக்கிறதே' என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை என்று டிக்கன்ஸ் எழுதுகிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1845-ல் எலைஸா ஆக்டன் என்ற பெண்மணி தன் சமையல் புத்தகத்தில் இதற்கு 'கிறிஸ்துமஸ் புட்டிங்' என்று பெயர் போட்டுக் குறிப்பை அச்சிட்டார். அந்தப் பெயரில் அச்சேறிய முதல் குறிப்பு அது என்கிறார்கள்.

ஏழை வீட்டுக்கு உலர் திராட்சையும் சர்க்கரையும் எப்படி வந்தன? சீட்டு கட்டித்தான். வாரம் சில பென்னி வீதம் கட்டிவந்தால் கிறிஸ்துமஸுக்கு வாத்து தரும் சங்கங்கள் இருந்தன. புட்டிங் சாமான் தரும் சங்கங்களும் இருந்தன. நம்மூர் தீபாவளிச் சீட்டுக்கு இங்கிலாந்து அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

கிளறும் ஞாயிறு

இந்தப் பலகாரத்தைச் சுற்றியுள்ள சடங்குகள் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போகும். கிறிஸ்துமஸுக்கு நாலைந்து வாரம் முன்னால், நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் புட்டிங் கலக்கும் நாள். அன்று ஆங்கிலிக்கன் தேவாலயத்தில் படிக்கும் ஜெபம் 'கிளறு' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லில் தொடங்கும். மனதைக் கிளறச் சொன்ன ஜெபத்தைக் கேட்ட பெண்களுக்கு அடுக்களையில் கிளற வேண்டியது ஞாபகம் வந்துவிட்டது! அதனால் அந்த நாளுக்கே 'கிளறும் ஞாயிறு' என்று பெயர். வீட்டில் தாத்தா முதல் கைக்குழந்தை வரை ஆளுக்கு ஒரு சுற்று கிளற வேண்டும். கிளறும்போது மனதுக்குள் ஒன்றை வேண்டிக்கொள்ளலாம், வெளியே சொல்லக் கூடாது. கரண்டி கிழக்கிலிருந்து மேற்காகத்தான் போக வேண்டும், கிழக்கே இருந்து வந்த ஞானிகளின் நினைவாக. இயேசுவையும் 12 சீடர்களையும் சேர்த்து 13 சாமான் இருக்க வேண்டும் என்பது ஐதீகம். உள்ளே ஒரு வெள்ளிக் காசையும் போடுவார்கள். யார் துண்டில் வருகிறதோ அவருக்கு வருஷம் முழுவதும் அதிர்ஷ்டம். பல் உடையாமல் தப்பித்தால் அதுவே முதல் அதிர்ஷ்டம்.

பனிக்கட்டி உலகத்துக்கும் இது போயிருக்கிறது. 1902 கிறிஸ்துமஸ் அன்று தென் துருவத்தை நோக்கி ஸ்காட், வில்சன், ஷேக்கிள்டன் மூவரும் பட்டினியோடு நடந்துகொண்டிருந்தார்கள். அப்போது ஷேக்கிள்டன் தன் பைக்குள்ளிருந்த உபரிக் காலுறையிலிருந்து கிரிக்கெட் பந்து அளவுக்கு ஒரு புட்டிங்கை வெளியே எடுத்தார். யாருக்கும் தெரியாமல் அத்தனை மைல் சுமந்து வந்திருந்தார். மேலே சொருக ஒரு செயற்கை ஹாலிக் கிளையும் வைத்திருந்தார்.

இந்தியாவுக்கு ஒரு டீஸ்பூன்

இனி 1927-க்கு வருவோம். கொல்லிமலையில் பிராண்ட் தம்பதி ஊர் ஊராகக் குதிரையிலும் நடந்தும் போய் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1923-ல் படிப்புக்காக லண்டனுக்கு அனுப்பப்பட்ட பாலுக்கு அப்போது 13 வயது. அந்த லண்டனில் பிரிட்டிஷ் அரசு ஒரு பெரிய விளம்பர வேலையில் இறங்கியிருந்தது. 'பேரரசுச் சந்தை வாரியம்' என்று 1926-ல் ஓர் அமைப்பைத் தொடங்கி, 'அந்நிய நாட்டுப் பொருளை வாங்காதீர்கள், நம் பேரரசில் விளைந்ததை வாங்குங்கள்' என்று மக்களிடம் பிரசாரம் செய்தார்கள். அதற்கு அவர்கள் கையில் எடுத்த ஆயுதம் கிறிஸ்துமஸ் புட்டிங்.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனைத் தலைமைச் சமையல்காரர் செடார்டிடமிருந்து, மன்னரின் சம்மதத்தோடு குறிப்பை வாங்கி, 'பேரரசுக் கிறிஸ்துமஸ் புட்டிங்' என்று அச்சடித்து இலவசமாக விநியோகித்தார்கள். வேடிக்கை என்னவென்றால் செடார்ட் பிரெஞ்சுக்காரர். குறிப்பில் ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே அது எந்த நாட்டிலிருந்து வர வேண்டும் என்று போட்டிருந்தது. மூன்று வகை உலர் திராட்சை தலா 5 பவுண்டு, ஆஸ்திரேலியாவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும். மொத்தம் ஏறக்குறைய ஏழு கிலோ! ஆரஞ்சுத் தோல் தென்னாப்பிரிக்கா. கிராம்பு சான்சிபார். சாதிக்காய் மேற்கிந்தியத் தீவுகள். ரம் ஜமைக்கா அல்லது கயானா. பிராந்திக்கு சைப்ரஸையும் பாலஸ்தீனத்தையும்கூட விடவில்லை. முட்டை 20.

சரி, இந்தியாவுக்கு? பட்டைத் தூளுக்கு எதிரே 'இந்தியா அல்லது இலங்கை' என்று இருந்தது. 'புட்டிங் மசாலா' என்ற கலவைப் பொடிக்கு எதிரே 'இந்தியா அல்லது மேற்கிந்தியத் தீவுகள்'. அளவு, ஒரு டீஸ்பூன். அத்தனை கோடி மக்கள் இருந்த நாடு, பேரரசின் மகுடத்தில் வைரம் என்று வர்ணிக்கப்பட்ட நாடு, அந்தப் பெரிய அண்டாவில் ஒரு டீஸ்பூனாகவும் ஓர் 'அல்லது' ஆகவும்தான் இடம்பிடித்தது. 1930-ல் இதையே வைத்து 'ஒன் ஃபேமிலி' என்று ஒரு படமும் எடுத்தார்கள். ஒரு சிறுவன் பேரரசு முழுக்கச் சுற்றி மன்னரின் புட்டிங்குக்குச் சாமான் சேகரிக்கும் கதை. எல்லோரும் ஒரே குடும்பமாம்! படம் ஓடவில்லை.

அந்தக் குடும்பத்தில் ஒருவர் ஏற்கெனவே தனிக்குடித்தனத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். லண்டன் வீடுகளில் பேரரசுப் புட்டிங் வெந்த அதே 1927 டிசம்பர் கடைசி வாரத்தில், சென்னையில் டாக்டர் அன்சாரி தலைமையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. பூரண சுதந்திரமே இந்திய மக்களின் லட்சியம் என்று ஜவஹர்லால் நேரு கொண்டுவந்த தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது.

ஜெஸ்ஸி பிராண்ட் 1929 ஜூனில் காய்ச்சல் கண்டு கொல்லிமலையிலேயே இறந்தார். மகனையும் மகளையும் லண்டனில் விட்டுவந்த பிறகு அவர் மறுபடி பார்க்கவே இல்லை. எவலின் தாயகம் திரும்பித் தங்கிவிடவில்லை. ஓய்வுபெறும் வயதைக் கடந்து, 70-ஐ நெருங்கும்போது, தனியாகவே மறுபடி கொல்லிமலைக்கு ஏறிவந்தார். பேரரசு போன பிறகும் கால் நூற்றாண்டுக்கு மேல் இந்த மலைகளிலேயே இருந்து, 1974 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு, 95 வயதில் காலமானார். அவருடைய கல்லறையும் கணவருடைய கல்லறைக்குப் பக்கத்திலேயே, கொல்லிமலையில்தான் இருக்கிறது.

நம் கைக்கு வந்த பிறகு

இந்தியாவில் புட்டிங்கைவிட அதன் தம்பியான கேக்தான் வேரூன்றியது. வெயில் நாட்டில் ஆறு மணி நேரம் அடுப்பை எரியவிட யாருக்குப் பொறுமை? 1883-ல் தலச்சேரியில் பிஸ்கட் பேக்கரி வைத்திருந்த மம்பள்ளி பாபுவிடம், அஞ்சரக்கண்டிப் பட்டைத் தோட்டத்து முதலாளி பிரவுன், இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பிளம் கேக்கைக் காட்டி, 'இதேபோல் செய்து தர முடியுமா?' என்று கேட்டாராம். மாஹேயில் பிரெஞ்சு பிராந்தி வாங்கிக்கொள்ளச் சொன்னாராம். பாபு அதை வாங்காமல், முந்திரிப்பழத்திலும் வாழைப்பழத்திலும் ஊறவைத்த உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்துச் சுட்டார். சாப்பிட்டுப் பார்த்த பிரவுன் இன்னும் ஒரு டஜன் கேட்டார் என்பது அந்தக் குடும்பத்தார் சொல்லும் கதை. இந்தியர் ஒருவர் சுட்ட முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

அலகாபாத்தில் வெண்ணெய்க்குப் பதில் நெய், ஆரஞ்சுத் தோலோடு பூசணி மிட்டாயும் சேர்ந்தன. இலங்கையில் மைதாவுக்குப் பதில் ரவை, கூடவே பூசணி தோசி, முந்திரி, ரோஜா வாசனை. பெரம்பூர், திருச்சி பொன்மலை, போத்தனூர் ரயில்வே காலனிகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கேக்கோடும் புட்டிங்கோடும் குல்குல்லையும் அச்சு முறுக்கையும் சேர்த்துத் தட்டில் வைத்தார்கள். இவற்றில் எதுவும் ஒரு டீஸ்பூன் கணக்கு அல்ல.

உண்மையில் புட்டிங்கின் ரகசியம் நமக்குப் புதிதும் அல்ல. ஒரு புட்டிங்கைச் செய்து ஒரு வருடம் அலமாரியில் வைத்துச் சாப்பிடுவார்கள். காரணம் எளிது. உலர் பழத்தில் தண்ணீர் குறைவு, சர்க்கரை அதிகம். கிருமி வளர ஈரம் கிடைக்காது. மேலே கொழுப்பும் ஆல்கஹாலும் காவல். பழனி பஞ்சாமிர்தம் எதில் நிற்கிறது? ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, ஏலக்காய் சேர்த்துப் பிசைவதில். அதே கணக்குதான், அடுப்புகூட வேண்டாம். ஆனால் ஒரு வித்தியாசம். பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊர்ப் பெயரோடுதான் கிடைத்தது. புட்டிங்கில் போன திராட்சைக்கும் கிராம்புக்கும் பட்டைக்கும் அவை விளைந்த ஊரின் பெயர், 1927-ன் அந்த விளம்பரத் தாளைத் தவிர, பெரும்பாலும் ஒட்டவில்லை. கொல்லிமலை மிளகும் காபியும் மூட்டையாகச் சமவெளிக்கு இறங்கி, வேறு பொட்டலத்தில் வேறு பெயரோடு நம் சமையலறைக்கு வரும்போது அதுதான் நடக்கிறது.

இட்லிப் பானையில் செய்து பார்க்கலாமா?

மாட்டுக் கொழுப்பும் வேண்டாம், மதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு நம் வீட்டு முறை இது. கறுப்பு, பழுப்பு உலர் திராட்சை 200 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சை 50 கிராம், உலர் அத்தியோ உலர் வாழைப்பழமோ 50 கிராம் பொடியாக நறுக்கி, அரை கப் ஆரஞ்சுச் சாற்றில் ஓர் இரவு ஊறவையுங்கள். மறுநாள் 100 கிராம் நாட்டுச் சர்க்கரை, 100 கிராம் ரொட்டித் தூள், 50 கிராம் மைதா, ஃபிரிட்ஜில் கெட்டிப்பட்ட வெண்ணெய் 100 கிராமைத் துருவியது, துருவிய ஆப்பிள் ஒன்று, அடித்த முட்டை இரண்டு, அரை டீஸ்பூன் பட்டைத் தூள், சிட்டிகை சிட்டிகையாகச் சாதிக்காய், கிராம்பு, சுக்குப் பொடி, உப்பு, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் துருவல் எல்லாவற்றையும் சேர்த்துக் கிளறுங்கள். பிள்ளைகளையும் ஆளுக்கு ஒரு சுற்று கிளறவிடலாம்.

வெண்ணெய் தடவிய கிண்ணத்தில் முக்கால் பாகம் நிரப்பி, பட்டர் பேப்பரையும் அலுமினியத் தாளையும் ஒரு மடிப்பு விட்டு மூடி, நூலால் இறுக்கிக் கட்டுங்கள். மடிப்பு விடாவிட்டால் புட்டிங் உப்பும்போது தாள் கிழிந்துவிடும். இட்லிப் பானையில் மிதமான தீயில் நான்கு மணி நேரம். தண்ணீர் வற்றினால் வெந்நீரையே ஊற்ற வேண்டும், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி நின்று நடுப்பகுதி வேகாமல் போகும். நேரம் ஆக ஆக நிறம் கறுத்துக்கொண்டே வரும், கருகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

ஆறியதும் புதுத் தாள் மாற்றிக் கட்டி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். மது சேர்க்காததால் இங்கிலாந்துக்காரர்கள்போல வருடக் கணக்கில் வைக்கக் கூடாது. பரிமாறும் நாளில் மறுபடி ஒரு மணி நேரம் ஆவியில் சூடாக்கித் தட்டில் கவிழ்த்து, சுண்டக் காய்ச்சிய பாலை மேலே ஊற்றிக் கொடுங்கள். காசு போடுவதாக இருந்தால் வேண்டாம், ஒரு முழு பாதாம் போதும்.